தம் அடித்தால் டென்ஷன் குறைகிறதே, அது பொய்யா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 34. கொரோனா சமயத்தில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை, தண்டலும் ஓடுகிறது. போன மாதம் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் ‘நீங்க என்ன ஆளுக?’ என்று கேட்டுவிட்டு, வீடு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடையிலும் சாடைப் பேச்சு உண்டு. முன்பு நாளைக்கு 3 சிகரெட், இப்போது 8. தினமும் 150 ரூபாய் போகிறது. காலையில் எழுந்ததும் டீயோடு ஒன்று பிடித்தால்தான் வேலை ஓடும். ‘இருக்கிற கடனில் இது வேறயா’ என்கிறாள் மனைவி. இது இருப்பதால்தான் நான் தாக்குப்பிடிக்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது. விட்டால் தாங்குவேனா?

பதில்: டென்ஷன் குறைவது உண்மைதான். எந்த டென்ஷன் குறைகிறது என்று மட்டும் பார்ப்போம்.

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் இருக்கும் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் வரும். அந்த நேரம் பார்த்து யாராவது சாடையாக ஒன்று சொன்னால், சொல்லும் சுடும், இறங்கிய நிகோடினும் சுடும். இரண்டும் சேர்ந்து ஒரே கோபமாகத் தெரியும். வெளியே போய் ஒன்று பற்றவைத்தால் நிகோடின் கிளப்பிய பங்கு உடனே அடங்கிவிடுகிறது. பேச்சு தந்த காயம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பது மாதிரி இது.

விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். விட்டவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் முன்பைவிடக் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே, தாங்குவீர்கள். முதல் 2, 3 நாள் மோசமாக இருக்கும். 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இதைச் சொல்லிவிட்டு ‘மன உறுதி வேண்டும் தம்பி’ என்று அனுப்பிவிடுவது எங்கள் துறையில் பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே நடந்த ஆய்வுகளில், இனப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்களிடம் புகைப்பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பார்த்தபோது, பணக் கஷ்டத்தில் இருந்தவர்கள் சிகரெட்டை விடுவது குறைவாகவும், விட்டவர்கள் திரும்பத் தொடுவது அதிகமாகவும் இருந்தது. அமெரிக்காவில் நிறம், இங்கே சாதி. அவமானப்பட்ட உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். 3 எட்டானது உங்கள் பலவீனத்தால் இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை செய்யுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம், ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரத்தையும் அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். ‘11.20, சும்மா’, ‘4.00, முதலாளி பேச்சு’, ‘7.30, தண்டல்காரர் வந்துபோனார்’ என்று அவ்வளவு போதும். சும்மா பிடித்தவை எத்தனை, மனசு நொந்து பிடித்தவை எத்தனை என்று தெரிந்துவிடும். நொந்து பிடிப்பவற்றில் முதலில் கை வைக்காதீர்கள், அவை கடைசியில்தான் விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவருக்கு ‘ஒரு தம் போட்டுட்டு வர்றேன்’ என்பதுதான் யாரும் கேள்வி கேட்காத ஓய்வு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது, எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது என்பது வேறு கதை. உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதியில் ஒரு பகுதி அந்த ஐந்து நிமிடம் வெளியே நிற்பதால் வருவது. சிகரெட்டை விட்டாலும் அந்த ஐந்து நிமிடத்தை விடாதீர்கள். பெட்டிக்கடைப் பக்கம் மட்டும் போகவேண்டாம்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்பு நன்றாகவே பழகிவிட்டது என்று அர்த்தம். வெறுங்கையோடு நிறுத்தினால் சிரமப்படுவீர்கள். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை டாக்டர் சொல்லட்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் குமட்டலும் வந்து ‘இது சரிப்படாது’ என்று தூக்கிப் போடுவீர்கள். மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது, குடித்தால் மருந்து சரியாக ஏறாது. செலவு மிச்சம் என்று கூல் லிப், ஹான்ஸ் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கடனில் இருப்பவர்கள் இப்படி மாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். வாய்ப் புற்றுநோய்தான் அதில் மிச்சம்.

சரி, பணம். 10,000 ரூபாய்த் தண்டலுக்குப் பொதுவாக நாளுக்கு 100 ரூபாய் கட்டுவார்கள். நீங்கள் சிகரெட்டுக்கு 150 கொடுக்கிறீர்கள். மொத்தக் கடனும் இதில் தீராது, ஆனால் ஒரு தண்டலை முடித்துவிடலாம். அநியாய வட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசிலோ, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். பட்டியல் வகுப்பினரையோ பழங்குடியினரையோ பலர் முன் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இலவசச் சட்ட உதவிக்கு 15100. வீடு கிடைக்காத அன்று நடந்ததை மனைவியிடம் முழுதாகச் சொன்னீர்களா? சொல்லாமல் வைத்திருப்பதுதான் ராத்திரியில் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடும்.

வைகையைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவில் புகைப்பழக்கத்துக்கும் பார்ப்பார்கள். லீவு போட முடியாவிட்டால் 1800-11-2356-க்கு அழையுங்கள், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், தமிழில் பேசலாம். தூக்கமே வரவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால் சிகரெட் விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கே மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கடன் முடிந்ததும் விடலாம் என்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சம்பளம் வந்த மறுநாள், தண்டல்காரர் முகத்தில் விழிக்க வேண்டியிராத வாரமாகப் பார்த்து, ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.