ரீகாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

லாட்வியாவின் தலைநகரமான ரீகாவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஊரைப் பற்றி யார் எது கேட்டாலும் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, ரீகாவைக் கட்டியது ஜெர்மானியர்கள்தானா?

1201-இல் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் பிஷப் நகரத்தை நிறுவினார் என்பதுதான் வழக்கமான வரலாறு. ஆனால் அதற்கு முன்பே அங்கே லிவ் இன மக்கள் குடியிருந்தார்கள், அவர்களுக்குப் படகுத்துறையும் இருந்தது. இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். லிவ் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களில் கடைசி மூதாட்டி 2013-இல் கனடாவில் காலமானார்.

ஓர் ஆற்றை நம்பி இவ்வளவு பெரிய ஊர் எப்படி வளர்ந்தது?

ரீகாவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்றே போதும். தௌகவா ஆறு ரஷ்யாவில் பிறந்து, பெலாரஸ் வழியாக ஓடிவந்து, ரீகாவைத் தாண்டியதும் கடலில் கலக்கிறது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது, உள்நாட்டுக் காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி இறக்குவார்கள். சணல், ஆளி நார், மெழுகு, தோல் எல்லாம் படகில் வரும். திரும்பிப் போகும் படகுகளில் உப்பும் கருவாடும் ஏறும். 1282-இல் ரீகா ஹன்சா வணிகக் கூட்டணியில் சேர்ந்தது.

பாய்மரக் கப்பல்களுக்குப் பாய் கட்டும் மரம் வேண்டுமே! நேராக வளர்ந்த பைன் மரத்துக்கு ஐரோப்பா முழுவதும் கிராக்கி. ஒவ்வொரு மரத்தையும் பார்த்து, வெடிப்பு இருக்கிறதா, கணு இருக்கிறதா என்று தரம் பிரிப்பதற்கென்றே நகரத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த மரத்தை நம்பித்தான் தொலைதூரக் கப்பல்கள் புயலில் போயின. ஊரின் பெரிய கோபுரங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மரம் பார்ப்பவர்களின் கைதான் நினைவுக்கு வரும்.

ஆறு உறைந்துவிடுமாமே?

கடும் குளிர் வந்தால் உறையும். பனிக்கட்டியில் துளை போட்டு, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு சாண் தூண்டிலோடு மணிக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போனால் பேசமாட்டார்கள், தலையை மட்டும் அசைப்பார்கள்.

சந்தைக்குப் போக வேண்டும் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

கட்டாயம் போங்கள். 1930-இல் திறந்த மத்தியச் சந்தையின் ஐந்து மண்டபங்களும், முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஜெப்பலின் வான்கப்பல்களை நிறுத்திவைத்த கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு எழுந்தவை. போர்க் கொட்டகையை மீன் கடையாகவும் பால் கடையாகவும் மாற்றிய ஊர் இது! மீன் மண்டபத்தில் விலாங்கு போல நீண்ட ஒன்றைப் பார்ப்பீர்கள். லாட்விய மொழியில் நேகி என்பார்கள். அதற்குத் தாடை கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வரிசையாக ஏழு துளைகள் இருக்கும். சுட்டு, அதன் சாறு உறைந்த கூழோடு தருவார்கள். ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி கறுப்பாக, புளிப்பாக இருக்கும். அதோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

பழைய நகரம் அப்படியே இருக்கிறதா?

இல்லை. 1941-இல் ஜெர்மன் படை வந்தபோது புனித பேதுரு தேவாலயத்தின் மரக் கோபுரம் எரிந்து விழுந்தது, கருந்தலையர் என்ற வணிகர் சங்கத்தின் மாளிகை இடிந்தது. மாளிகையின் இடிபாடுகளைச் சோவியத் ஆட்சி 1948-இல் அகற்றியது. இன்று நீங்கள் படமெடுக்கும் மாளிகை 1999-இல் மறுபடி எழுந்தது.

கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். அதே 1941-இல் நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில், ஊருக்கு வெளியே ரும்புலா காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் ரீகாவின் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்பில், அடைபட்டிருந்தவர்கள். ரீகாவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரஷ்ய மொழி தெரிந்தால் சமாளிக்கலாமா?

நிறையப் பேருக்குப் புரியும். ஆனாலும் முதலில் "லப்தியென்" என்று லாட்விய மொழியில் வணக்கம் சொல்லுங்கள். முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்களுக்கு மிகப் பிடித்த கதை எது அக்கா?

நூறு ஆண்டுக்கு ஒருமுறை தௌகவாவிலிருந்து ஓர் உருவம் எழுந்து, "ரீகா கட்டி முடிந்ததா?" என்று கேட்குமாம். யாராவது "ஆம்" என்றால் ஊர் ஆற்றில் மூழ்கிவிடும் என்பது பாட்டிக் கதை. இன்னொன்று உண்மையிலேயே நடந்தது. 2014 ஜனவரி 18 அன்று, ஆற்றின் அக்கரையில் கட்டிய புதிய தேசிய நூலகத்துக்குப் பழைய நூலகத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றிப் பாலத்தின் மேல் புத்தகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று கடும் குளிர். கையுறை போட்ட ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, ஆற்றைக் கடந்து போயின அந்தப் புத்தகங்கள்.