கேள்வி – பதில்: எல்ஸ்மியர் தீவின் ஊர்

கேள்வி: கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், கிரைஸ் ஃபியோர்டு என்ற சிற்றூரில் நூற்றைம்பதுக்கும் குறைவான இனுவிட் பழங்குடி மக்கள் வாழ்வதாகப் படித்தேன். அவ்வளவு கடுங்குளிரான இடத்தை அவர்கள் தாமாகவே தேர்ந்தெடுத்தார்களா?

பதில்: இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இனுவிட்டுகளின் மூதாதையரான தூலே பண்பாட்டு மக்கள் அத்தீவில் வாழ்ந்ததற்குத் தடயங்கள் உண்டு என்றாலும், இன்றைய ஊர் 1953இல் கனடிய அரசு நடத்திய இடமாற்றத்தால் உருவானது. அவ்வாண்டு ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து சில குடும்பங்களும், அவர்களுக்கு வடதுருவ வாழ்க்கையைப் பழக்குவதற்கென்று வடக்கே பாஃபின் தீவிலுள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்து சில குடும்பங்களும் கப்பலேற்றப்பட்டன. வேட்டை வளம் மிகுந்த இடம் என்றும், பிடிக்காவிட்டால் இரண்டாண்டுகளில் திரும்பலாம் என்றும் அதிகாரிகள் வாக்களித்திருந்தார்கள். தங்களில் ஒரு பகுதியினர் பிரிக்கப்பட்டு, கார்ன்வாலிஸ் தீவின் ரெசலூட்டில் இறக்கப்படுவர் என்பது கப்பலில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே வந்தவர்களுக்கு எல்லாமே புதிது. இனுக்ஜுவாக்கில் நடுக்குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கும். இங்கோ மூன்று மாதங்களுக்கும் மேல் இருள். பழகிய பறவைகளும் முட்டைகளும் அரிதாகிவிட, சீல் போன்ற கடல் விலங்குகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. கண்ணெதிரே மேய்ந்த கஸ்தூரி எருதுகளை வேட்டையாடுவதைச் சட்டம் தடுத்திருந்தது.

நரித்தோல் விலை வீழ்ந்து வறுமையுற்ற மக்களின் நலனுக்காகவே இதைச் செய்ததாக அரசு கூறிவந்தது. வறுமை உண்மைதான். ஆயினும் பனிப்போர்க் காலத்தில், அமெரிக்கர்களின் நடமாட்டம் பெருகியிருந்த கனடாவின் வடதுருவத் தீவுக்கூட்டத்தில், தன் குடிமக்களைக் காட்டி உரிமை கொண்டாட வேண்டிய தேவை கனடாவுக்கு இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இந்நிகழ்வை விளக்க முடியாது. ‘மனிதக் கொடிக்கம்பங்கள்’ என்று இவர்களைப் பின்னாளில் அழைத்தது மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அப்படியானால் இரண்டாண்டுகள் கழிந்ததும் அவர்கள் ஏன் திரும்பவில்லை?

பதில்: திரும்புவதற்கு அரசின் கப்பலை விட்டால் வேறு வழியில்லை, வேண்டுகோள்களோ செவிசாய்க்கப்படவில்லை. மாறாக, 1955இல் மேலும் சில குடும்பங்கள் வடக்கே கொண்டுவரப்பட்டன. 1980களின் இறுதியில்தான் அரசுச் செலவில் ஒரு பகுதியினர் இனுக்ஜுவாக்குக்குத் திரும்பினர்; வடக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அங்கேயே தங்கிவிட்டதால், குடும்பங்கள் இரண்டாம் முறையும் பிரிந்தன. 1996இல் ஒரு கோடி டாலர் இழப்பீட்டு நிதி ஒதுக்கிய அரசு, மன்னிப்புக் கேட்க மேலும் 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.