ஐட்லர் புல்லி: வந்த கேள்விகளும் பதில்களும்

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓடவைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐட்லர் புல்லியைப் பற்றியவை. மகிழ்ச்சி. பெல்ட்டுக்காகக் கவலைப்படுகிற பலர் அதைத் தாங்கி ஓடும் உருளையை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட்டுக்கு எந்தக் கம்பெனி ஐட்லர் நல்லது? (தேவகோட்டை)

உங்கள் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாது; செயின்தான். கடிதம் எழுதும் முன் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். எஞ்சின் எதுவென்று தெரியாமல் கடைக்குப் போனால் கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

புதுப் புல்லியை விரலால் சுண்டினால் ஒரு சுற்றில் நின்றுவிடுகிறது. கழற்றிய பழையது பம்பரமாகச் சுற்றுகிறது. புதியது மட்டமான சரக்கா? (காரைக்குடி)

இல்லை. நல்ல புல்லியின் நடுவில் உள்ள பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருக்கும். அதை மூடியிருக்கும் ரப்பர் சீல் பேரிங்கின் உள்வளையத்தை ஒட்டி உரசும். அதனால் மெத்தென்று சுற்றி, சீக்கிரம் நின்றுவிடும். பம்பரமாகச் சுற்றுவது கிரீஸ் வற்றிப்போன பேரிங். சுண்டிவிட்டு வேகத்தைப் பார்க்காதீர்கள். காதருகே வைத்து மெல்லத் திருப்புங்கள். மணல் நெரிவது போன்ற அதிர்வு விரலுக்குத் தெரியக் கூடாது. பிறகு உள்வளையத்தைப் பிடித்துக்கொண்டு புல்லியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தலையாட்டம் கையில் தெரிந்தால் அது புதியதாகவே இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

‘முழுப் புல்லி எதற்கு, பேரிங்கை மட்டும் தட்டி மாற்றிவிடலாம், 300 ரூபாயில் முடியும்’ என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (பள்ளத்தூர்)

கூடவே கூடாது. இதைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன். கேட்கிறவர்கள் இருக்கும்வரை இன்னும் எழுதுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டீசல் காரை எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள், குன்றக்குடி தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது. கவரைக் கழற்றினேன். பெல்ட் 10,000 கிலோமீட்டர்கூட ஓடாதது. ஆனால் ஒரு பக்க ஓரம் நார்நாராகப் பிய்ந்திருந்தது. ஐட்லரின் முகம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேரிங்கை அறுத்துப் பார்த்தபோது உள்வளையத்தின் ஓடுபாதையில் சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒரு குண்டுக்கு ஒன்றாக. புல்லிக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் சுத்தியலை வைத்து அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் பாதையில் இறங்குகிறது. அந்தத் தழும்புதான் அது. பேரிங் இறுகியது, பெல்ட் நழுவியது, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன.

சரி, பதமாக அழுத்தியே ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் 6203 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். பல புல்லிகளில் அளவு பொருந்திவிடும். பொருந்திவிட்டால் போதுமா? சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் தொடர்ந்து தாங்குவது சுமார் 100 டிகிரி. டைமிங் கவருக்குள் எஞ்சின் சூட்டோடு சூடாக ஓடும் ஐட்லருக்கு அதைவிட அதிகம் தாங்கும் சீலும் கிரீஸும் கொடுத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஒருமுறை பேரிங் கழற்றிய துளை பழைய பிடியைத் தராது. புல்லி இம்மி சாய்ந்தால் பெல்ட் ஓரத்துக்கு ஏறும். நீங்கள் மிச்சம் பிடிப்பது 1,000 ரூபாய், 1,500 ரூபாய். வால்வுகள் வளைந்து எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினால் 30,000 ரூபாய்க்குக் குறையாது. பெல்ட், அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் ஒரே கிட்டாக மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து.

நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். வண்டி ஊர் வீட்டில் நிற்கிறது. கல்யாணம், படைப்பு என்று வரும்போது மட்டும் எடுப்போம். 9 ஆண்டில் 22,000 கிலோமீட்டர்தான். பெல்ட்டை இப்போது தொட வேண்டுமா? (கானாடுகாத்தான்)

தொட வேண்டும், புல்லியோடு சேர்த்து. கெடு கிலோமீட்டருக்கு மட்டும் இல்லை, ஆண்டுக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேரிங் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்துவிடும், குண்டு பட்டு நிற்கும் இடத்தில் துரு பிடிக்கும், பெல்ட் வளைந்த வாக்கிலேயே இறுகிப்போகும். ஆளில்லாத பெரிய வீடுகளில் எலி வேறு. கவருக்குள் கூடு கட்டியதைக் கண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து சாவியைத் திருகாதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லி வேலையை முடித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் புல்லியா, இரும்புப் புல்லியா? (கோட்டையூர்)

வண்டித் தயாரிப்பாளர் எதைப் போட்டாரோ அது. கண்ணாடி இழை கலந்த நைலான் புல்லி மட்டமானது அல்ல.

அரிசி ஆலை பேக்கிங் இயந்திரத்தில் பெல்ட்டின் உள்பக்கம் வழுவழுப்பான ஐட்லர் வைத்தோம். பெல்ட் பற்கள் தேய்கின்றன. (புதுவயல்)

தேயத்தான் செய்யும். பல் உள்ள பக்கத்தில் பல் வைத்த ஐட்லர்தான் வேண்டும். 40 பல் உள்ள புல்லியின் விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் வழுவழுப்பானதை வைக்கலாம். முதுகுப் பக்கத்துக்கு வழுவழுப்பானது சரி, ஆனால் முகம் தட்டையாக இருக்க வேண்டும். நடு மேடிட்டது ஆகாது. இழுக்கும் பக்கத்தில் வைக்காமல் தளர்ந்த பக்கத்தில் வையுங்கள். இயந்திரத்தின் மிகச் சிறிய புல்லியைவிட ஐட்லர் சிறுத்துவிடக் கூடாது. தவிட்டுத் தூசி பறக்கும் இடமாதலால் ‘இசட்.இசட்.’ என்று முடியும் தகட்டு மூடி பேரிங் வேண்டாம், ‘2ஆர்.எஸ்.’ என்ற ரப்பர் சீல் பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி அசல், உள்ளே போலி என்கிறார்களே. எப்படிக் கண்டுபிடிப்பது? (பொன்னமராவதி)

பெட்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள். பேரிங் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள்; நகத்தால் சுரண்டினால் அழிகிற மை என்றால் சந்தேகப்படுங்கள். பேரிங் கம்பெனிகளான எஸ்.கே.எஃப்., ஐ.என்.ஏ.வின் தாய்க் கம்பெனியான ஷெஃப்லர் இரண்டுக்கும் அசலைச் சரிபார்க்கக் கைபேசிச் செயலி உண்டு. பில் இல்லாமல் பாதி விலைக்கு வருவதைத் தொடவே வேண்டாம்.

புல்லி கத்துகிறது. சீலை நெம்பி, ஊசியால் கிரீஸ் ஏற்றலாமா? (ராயவரம்)

கூடாது. கத்த ஆரம்பித்த பேரிங்கின் ஓடுபாதை ஏற்கெனவே பொரிந்துவிட்டது. நெம்பிய சீல் வழியாகச் செம்மண் புழுதி உள்ளே போகும். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, புதுக் கிட் வந்ததும் மாற்றுங்கள்.