அம்மாவின் கால் பழுப்பானது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு கணுக்காலுக்கு மேலும் கரப்பான் வந்து நீர் வடிகிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார் தோல் டாக்டர். மருந்துக்கடையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், அளவு சொல்லவில்லை. அரை வாளித் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டேன். தண்ணீர் கறுப்பாகவே ஆகிவிட்டது. மூன்று நாளில் கால் முழுக்கப் பழுப்பு, ஒரே எரிச்சல். பிளஸ் டூ படிக்கும் என் மகன், "கிளிசரின் பட்டால் அது தீப்பிடிக்கும்மா" என்று பயமுறுத்துகிறான். இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, கும்பகோணம்.

பதில்: முதலில் அந்த வாளியைக் கொட்டிவிடுங்கள். அம்மாவின் காலைக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் மெதுவாகக் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய், எலுமிச்சை எதுவும் தடவ வேண்டாம்.

பழுப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எதைத் தொட்டாலும் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குவதுதான் பெர்மாங்கனேட்டின் குணம். ஆக்சிஜனேற்றி என்று உங்கள் மகனின் பாடப்புத்தகத்தில் இருக்கும். கிருமியையும் அப்படித்தான் கொல்கிறது. கசியும் புண்ணைச் சுருக்கி உலர்த்துவதும் அதே வேலைதான். பிடுங்கிய பிறகு அது மாங்கனீசு டை ஆக்சைடாக மாறித் தோலில் படிந்துவிடும். பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் கையில் ஒட்டுமே கறுப்புப் பொடி, அதில் இருப்பதும் இதுதான். தோலின் மேலடுக்கு உதிர உதிரக் கறை போய்விடும். நகத்தில் ஏறியது மட்டும் நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும்.

எனக்குக் கவலை அந்த எரிச்சல்தான். புண்ணை உலர்த்துவதற்குப் போதுமான அளவு 10,000-க்கு 1. அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். ஒரு டீஸ்பூனில் 5 கிராமுக்குக் குறையாமல் பிடிக்கும். உங்கள் அரை வாளிக்கு ஒரு கிராம்கூடத் தேவையில்லை. ஆக, குறைந்தது ஐந்தாறு மடங்கு கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த அளவில் அது மருந்தாக இருக்காது, தோலை அரிக்க ஆரம்பித்துவிடும். கரையாத துணுக்கு ஒன்று புண்ணில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் குழி விழும். கொப்புளம், கறுத்த பொருக்கு, கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். இல்லாவிட்டாலும் நாளைக்குள் அதே டாக்டரிடம் போய், எவ்வளவு போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவு சொல்லாமல் பொட்டலத்தை நீட்டிய கடைக்காரர் மேல்தான் எனக்குக் கோபம், உங்கள் மேல் இல்லை.

மறுபடியும் தொடரலாம் என்று டாக்டர் சொன்னால் இப்படிக் கரையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து துணுக்குகள் மட்டும் போட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் கலக்கி, அடியில் ஒன்றுமே இல்லாத வரை விடுங்கள். பிறகு மேல் தண்ணீரை மட்டும் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாளியில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். வேறொரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் பன்னீர் ரோஜா நிறம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தரிப்பூ நிறம் என்றால் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். அப்போது மருந்தின் சக்தி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் கரைத்ததை மூடி வைத்துச் சாயங்காலம் எடுப்பதில் பயனில்லை. நகங்களில் வாசலின் தடவிக்கொண்டால் கறை ஏறாது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நீர் வடிவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று தொடர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எரிச்சலே தெரியாமல் புண்ணாகும். புண் கணுக்காலுக்கு மேல்தானே இருக்கிறது? பாதத்தை ஏன் வாளிக்குள் விட வேண்டும்? அதே வெளிர்க் கரைசலில் பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து புண்ணின் மேல் போட்டால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். பையன் சொன்னது உண்மை. உலர்ந்த பெர்மாங்கனேட் குவியலில் கிளிசரினை ஊற்றினால் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கத் தோன்றும். அப்போதுதான் புகைந்து, ஊதா நிறத்தில் குப்பென்று பற்றும். அந்தச் சில நொடி அமைதிதான் ஆபத்து. ஆனால் வெளிர் ரோஜாத் தண்ணீரில் நனைத்த காலில் கிளிசரின் கலந்த கிரீம் தடவினால் தீப்பிடிக்காது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பயப்பட வேண்டியது பொட்டலத்துக்குத்தான். கிளிசரின், ஸ்பிரிட், கற்பூரம், சர்க்கரை, கந்தகம் எதுவும் அதனுடன் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய குளியலறையில் மூச்சு திணறிவிடும். காயத்துக்கு ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடுடனும் சேர்க்கக் கூடாது. பொட்டலத்தை மூடி இறுக்கமான பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, பெயர் எழுதி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். கீழே சிந்தினால் துணியாலோ காகிதத்தாலோ துடைத்துக் குப்பைக்கூடையில் போடாமல், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கழுவிவிடுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. கட்டில் பக்கத்தில் டம்ளரில் வைத்த இந்தக் கரைசல் பார்ப்பதற்கு நாவல்பழச் சாறு மாதிரியே இருக்கும். நோயாளிகள் இதைத் தவறுதலாக விழுங்கிய சம்பவங்களால் 2022-இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. அங்கே இது மாத்திரை வடிவில் வருகிறது, விழுங்கும் மாத்திரை என்றே நினைத்துவிடுகிறார்கள். கெட்டியாக உள்ளே போனால் வாயும் தொண்டையும் வெந்து, குரல்வளை வீங்கி மூச்சு அடைக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே மறுபடியும் வெந்துவிடும். வாயைக் கொப்பளிக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

'அந்தக் காலத்தில் இதைக் கிணற்றிலேயே போட்டுக் குடித்தோம்' என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடும். பொய் இல்லை. காலரா காலத்தில், 1890-களில், ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆய்வாளர் கிணறுகளில் இதைப் போடச் சொன்னார். ஆனால் அது ஒரு கிணற்றுத் தண்ணீரில் கரைந்தது. பிறகு பிளீச்சிங் பவுடர் வந்ததும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. உங்கள் வீட்டு டம்ளர்களில் இதற்கென்று ஒதுக்கியவற்றின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பெருக்கல் குறி போட்டு, சமையலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.