ஒரே கணக்குக்குப் பல விடைகள்: நெட்வொர்க்கை எப்படிப் பழக்குவது?

கேள்வி: இரண்டு மூட்டுள்ள ரோபோ கை ஒரு புள்ளியைத் தொட என்ன கோணங்கள் வேண்டும் என்று ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினேன். தரவில் முழங்கை மேலே, முழங்கை கீழே என இரண்டு வகை விடைகளும் இருந்தன. நெட்வொர்க் தருவதோ இரண்டிலும் சேராத ஒன்று. இரண்டையும் வரவழைக்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் தரவில் தவறில்லை. வர்க்கப் பிழையை (தரும் விடைக்கும் தரவிலுள்ள விடைக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை) குறைக்கும்படி பழக்கினால், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளைப் பார்த்த நெட்வொர்க் அவற்றின் சராசரியைத்தான் கற்றுக்கொள்ளும். இந்த இரண்டு நிலைகளையும் சராசரி எடுத்துப் பாருங்கள்: முழங்கை மடங்காமல் கை நேராக நீண்டு புள்ளியைத் தாண்டிவிடும். தரவை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது.

உள்ளீட்டில் புள்ளியோடு ஒரு சமவாய்ப்பு எண்ணையும் சேருங்கள். தயார் விடைகளைக் காட்டிப் பழக்காமல், கைநுனிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தையே இழப்பாக, அதாவது பழக்கும்போது குறைக்க வேண்டிய அளவாக, வையுங்கள். அப்புறம் எண்ணை மாற்றினால் விடை மாற வேண்டும். ஆனால் நெட்வொர்க் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் ஒரே பள்ளத்தில் (இழப்பு குறைவாக உள்ள ஒரே விடையில்) விழுந்துவிடும். இது அடிக்கடி நடப்பது. அதனால் ஒரே புள்ளிக்கு வெவ்வேறு எண்களில் வரும் விடைகள் நெருங்கினால் தண்டனை கொடுங்கள், அதாவது இழப்பைக் கூட்டுங்கள். தொடக்கத்தில் அது கனமாக இருக்கட்டும், போகப் போகக் குறையுங்கள். கடைசிவரை கனமாகவே இருந்தால் விடைகள் பள்ளத்தின் அடியை எட்டாமல் சரிவிலேயே நிற்கும்.

'நெருக்கம்' என்பதை எப்படி அளக்கிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 359 பாகையும் 1 பாகையும் எண்ணில் தூரம், கையில் பக்கம். கோணத்தை சைன், கொசைனாக மாற்றி அளந்தால் இந்தச் சிக்கல் தீரும். ஒரே மாதிரியான இயந்திரங்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கிலும் இதே கதைதான்: இயந்திரங்களின் பெயரை மாற்றிப் போட்டாலே புது விடை போலத் தோன்றும்.

கிடைத்த ஒவ்வொரு விடையிலிருந்தும் நியூட்டன் முறையில் (சரிவைக் கணக்கிட்டுச் சரியான விடையை நோக்கி நகரும் முறை) சில அடிகள் நகர்த்தித் துல்லியமாக்குங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முறையைச் சோதிக்க ஹிம்மெல்பிளா சார்பு நல்லது. இது இரண்டு மாறிகள் கொண்ட ஒரு சோதனைச் சார்பு; இதன் மிகக் குறைந்த மதிப்பு பூஜ்யம். அதில் நான்கு இடங்களில் மதிப்பு பூஜ்யம். (3, 2) ஒன்று, (−2.805, 3.131) இன்னொன்று. இவ்விரண்டின் நடுப்புள்ளியில் மதிப்பு சுமார் 71!

இழப்பை வகையிட முடியாத கணக்கு என்றால், மூரே, க்ளூன் இருவரும் 2015இல் முன்வைத்த மேப்-எலைட்ஸ் முறையைப் பாருங்கள். விடைகளின் தன்மையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சிறந்த விடையை வைத்துக்கொள்ளும். ஆறு கால் ரோபோ ஒன்று, கால் பழுதானதும், இப்படிச் சேர்த்து வைத்த நடைகளிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் வேறு நடையைப் பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு கணக்கைத் தீர்க்க மட்டும் என்றால் நெட்வொர்க்கே வேண்டாம். நூறு வெவ்வேறு இடங்களில் தொடங்கி இறங்கினால் போதும். உங்களுக்குப் புள்ளி மாறிக்கொண்டே இருப்பதால் பழக்கிய உழைப்பு வீண்போகாது.