பழைய பாடத்திட்டமா, புதியதா? பாதி பாஸ் ஆனவரின் கதை

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகும் நேரத்தில், பட்டப்படிப்பின் அமைப்பையும் பாடத்திட்டத்தையும் புதுப்பித்துவிட்டதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய திட்டத்திலேயே தொடர்வதா, புதியதற்கு மாறுவதா என்று 30 நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். இரண்டு தாள் அரியர் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? நடுவழியில் ஏன் இப்படி மாற்றுகிறார்கள்?

பதில்:

அந்தக் கடிதத்தோடு ஓர் அட்டவணை வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடப்பக்கம் பழைய தாள், வலப்பக்கம் அதற்கு ஈடான புதிய தாள். நாங்கள் அதை நிகர்த்தாள் பட்டியல் என்போம். அது இல்லாமல் வெறும் படிவம் மட்டும் வந்திருந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டியலை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னவர் அடுத்த ஆண்டு அந்த மேசையில் இருக்கமாட்டார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இங்கே சிங்கப்பூரில் தொலைநிலையில் பட்டப்படிப்பு நடத்தும் ஒரு கலைக்கல்லூரிக்குப் பாடம் எழுதியிருக்கிறேன், இடுபணி (அசைன்மென்ட்) திருத்தியிருக்கிறேன், சில ஆண்டுகளுக்கு முன் பாடத்திட்டத்தைத் திருத்திய குழுவில் உட்கார்ந்து சண்டையும் போட்டிருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அதற்கும் முன்னால் நானும் உங்களைப் போலத்தான். 1980களின் கடைசியில், பகலில் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல்வழியாகப் பட்டம் படித்தேன். பாடமெல்லாம் பழுப்பு உறையில் வரும். பிரித்தால் நூல் தையல் விட்டு, 40ஆம் பக்கத்துக்குப் பின் 57ஆம் பக்கம் இருக்கும். ஓர் ஆண்டு செய்யுள் தாளின் பாடப்பகுதியை மாற்றிவிட்டார்கள். புதிய பாடம் ஒழுங்காக வந்தது, நானும் விடிய விடியப் படித்தேன். தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் புரட்டினால் முக்கால்வாசிக் கேள்வி பழைய பகுதியிலிருந்து. பாடத்தை மாற்றியவர்கள் ஒரு கட்டடத்தில், கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இன்னொரு கட்டடத்தில் இருந்திருப்பார்கள் போல. அந்தத் தாளில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

ஏன் நடுவில் மாற்றுகிறார்கள் என்று கேட்டீர்கள். மேலிடத்து விதி மாறுவது ஒரு காரணம். இந்தியப் பக்கம் 2015இல் விருப்பப்பாட கிரெடிட் முறை வந்தது, 2020இல் தொலைநிலைக் கல்விக்கென்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) புது விதிமுறை போட்டது, அதே ஆண்டில் புதிய கல்விக் கொள்கையும் வந்தது. இங்கே 2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் வரும் கல்லூரிகளுக்கு வேறு கட்டுப்பாடுகள். இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்: கிடங்கு. நேரடி வகுப்பு எடுப்பவர் நேற்று ராத்திரி யோசித்ததை இன்று காலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தொலைநிலையில் பாடம் என்பது அச்சான புத்தகம். அதை எழுத ஒருவர், மேற்பார்க்க ஒருவர், பிழை திருத்த ஒருவர். 16 அலகு கொண்ட ஒரு தாளை எழுதி முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அச்சடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கியபின், அந்தக் கட்டு தீரும்வரை பாடத்திட்டம் அசையாது. பேராசிரியர்கள் கூடி முடிவெடுப்பதாகத்தான் கூட்டக் குறிப்பில் இருக்கும். உண்மையில் முடிவெடுத்தது கிடங்கில் மிச்சமிருந்த புத்தகம். இப்போது எல்லாம் பிடிஎஃப் ஆகிவிட்டதால் அந்தத் தடை போய்விட்டது. அதனால் ஆளாளுக்குத் தோன்றும்போதெல்லாம் மாற்றுகிறார்கள். இதுவும் நல்லதில்லை.

சில மாற்றங்கள் வந்தே ஆகவேண்டியவைதான். நான் உள்ளே போனபோது 'இணையத் தமிழ்' என்று ஒரு தாள் இருந்தது. அதன் முதல் மூன்று அலகும் எழுத்துருவை எப்படி நிறுவுவது, டிஸ்கி என்றால் என்ன, டாம் என்றால் என்ன, டாப் என்றால் என்ன என்றே போகும். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடுகள் இவை. நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு 1997இல் இந்த ஊரில்தான் நடந்தது. தமிழ்99 விசைப்பலகையெல்லாம் அதன் தொடர்ச்சி. அந்த வரலாறு நம் மாணவர்களுக்குக் கட்டாயம் தெரியவேண்டும், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் யுனிகோடில் தட்டுகிற பிள்ளையிடம், "கண்ட்ரோல் பேனலைத் திறந்து எழுத்துருக் கோப்பை அதில் ஒட்டவும்" என்று பாடம் நடத்தினால் சிரிக்கமாட்டார்களா? சிரித்தார்கள்.

இன்னொன்று அயலகத் தமிழ் இலக்கியம். அந்தத் தாளில் சிங்கப்பூருக்கு ஒரே ஓர் அலகு, அதுவும் மலேசியாவோடு சேர்த்து. படிக்கிறவர் இங்கே தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படிக்கிறார். 1887இல் இங்கே சிங்கை நேசன் வெளிவந்ததும், 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியதும் அவருக்கு ஒரு வரிச் செய்தி. புதிய திட்டத்தில் அதைத் தனித் தாளாக்கினோம். இடுபணியையும் மாற்றினோம். தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய முரசு இதழ்களைத் தேடிப் பார்க்கலாம். தாம் பிறந்த ஆண்டிலோ அதற்கு நெருங்கிய ஆண்டிலோ ஒரு நாள் இதழை எடுத்து, அதில் ஏதாவது ஒரு பகுதியின் மொழியைப் பற்றி 1,200 சொல்லில் எழுத வேண்டும். ஒரு பெண் மரண அறிவித்தல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உறவுப்பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்திருந்தார். நான் திருத்திய இடுபணிகளிலேயே நல்லது அதுதான். சேட்ஜிபிடி வந்தபிறகு மற்றத் தாள்களில் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளாகக் குவிந்தபோதும், இந்தத் தாளில் மட்டும் அப்படி நடக்கவில்லை. இதழைத் தேடி உட்காராமல் இதை எழுத முடியாது.

ஆகவே புதியது என்றாலே வம்பு என்று நினைக்க வேண்டாம். வம்பு வருவது பழையதையும் புதியதையும் இணைக்கும் இடத்தில்தான்.

பழைய திட்டத்தில் யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகை ஒரு தாள், அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஒரு தாள். வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு இலக்கணத் தாள் பாரம் என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து 'யாப்பும் அணியும்' என்று ஒரே தாளாக்கினோம். காரிகையில் உறுப்பியலை முழுதாக வைத்து, ஒழிபியலை எடுத்துவிட்டோம். தண்டியில் பொருளணியியலின் 35 அணியில் எவை எவை என்று ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். சொல்லணியியலில் சித்திரகவி போயிற்று. (மடக்காவது இருக்கட்டும் என்று நான் கெஞ்சியது பலித்தது.) கூட்டம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பழைய மாணவர் ஒருவரைக்கூட யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் என்னைத் தேக்கா ஈரச்சந்தைக்குப் பக்கத்தில் உள்ள உணவங்காடிக்கு வரச்சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், ரயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை. ரயில் ஓடாத நேரத்தில்தான் அவருக்கு வேலை ஓடும், நடுராத்திரிக்குமேல் விடியும்வரை. நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். கோப்பி ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் போடாத காப்பி) ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சதுரக்கோட்டு நோட்டு ஒன்றை விரித்தார். பக்கம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. தேறிய தாளுக்குப் பச்சை, அரியருக்குச் சிவப்பு. காரிகை பச்சை, பக்கத்தில் சின்னதாக '2ஆம் தடவை'. தண்டி சிவப்பு. அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம்.

"டீச்சர், இப்ப நான் பாதி பாஸா, முழு பெயிலா?"

எனக்குப் பதில் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, இரண்டிலும் தேறியிருந்தால்தான் புதிய தாளுக்கு நிகர், இல்லாவிட்டால் முழுத்தாளும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது நேர், நிரை பிரித்துப் பிரித்து இரண்டாம் தடவையில் தேறிய காரிகையை மூன்றாம் தடவையாக எழுத வேண்டும். பழைய திட்டத்திலேயே இருந்துவிடலாம் என்றால், பழைய தண்டித் தாளுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் நடத்துவார்கள். அதில் தவறினால் தானாகப் புதிய திட்டம்.

இதை மூன்று கூட்டத்தில் பேசி ஒரு வழி செய்தோம். இரண்டில் ஒன்றைத் தேறியவர்கள் மற்றப் பாதியை மட்டும் 50 மதிப்பெண்ணுக்கு எழுதலாம், அடுத்த இரண்டு தேர்வுப் பருவத்துக்கு. பேராசிரியர்கள் எளிதில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதது கணினி. அரைத்தாளுக்கு அதில் இடமே இல்லை. கடைசியில் இரண்டு பாதிக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் கொடுத்து, இரண்டு சின்னத் தாள் போலப் பதிந்தார்கள். இவ்வளவு எளிய காரியத்துக்கு ஐந்து மாதம்.

உங்கள் இரண்டு அரியரும் எந்தத் தாள்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அவை புதிய திட்டத்தில் தனித் தாளாகவே இருக்கின்றனவா, வேறொன்றோடு சேர்ந்துவிட்டனவா, அடியோடு போய்விட்டனவா? போய்விட்டது என்றால் பெரும்பாலும் உங்களுக்கு லாபம், ஆனால் அந்த கிரெடிட்டை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேளுங்கள். சேர்ந்துவிட்டது என்றால் மேலே சொன்ன கதைதான்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. பலர் இதை மொத்த எண்ணிக்கையாக மட்டும் பார்க்கிறார்கள். இந்தியத் தொலைநிலை முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணிநேரப் படிப்பு. 4 கிரெடிட் தாள் 120 மணிநேரம். 16 வாரப் பருவத்தில் அது வாரம் ஏழரை மணிநேரம். புதிய அமைப்பில் பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் வாரம் முப்பத்தேழரை. இங்கே வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 44 மணிநேரம் வரை வேலை. இரண்டையும் கூட்டினால் எண்பத்தொன்றரை. பிள்ளை, சமையல், மாமியார், தூக்கம் எல்லாம் மிச்சத்தில். இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) விருப்பப்பாட கிரெடிட் முறைப் பி.ஏ.வுக்கு 132 கிரெடிட் இருந்தது, அதாவது 3,960 மணிநேரம். அதை மூன்றாண்டில் முடிக்கவும் முடிந்தது, ஆறு ஆண்டுவரை நீட்டவும் முடிந்தது. அந்த நீட்டிப்பு மட்டும் இல்லையென்றால் வேலைக்குப் போகிறவர் யாரும் தேறமுடியாது. ஆகவே புதிய திட்டத்தில் அதிகபட்ச காலம் எத்தனை ஆண்டு, அது நீங்கள் முதலில் சேர்ந்த நாளிலிருந்தா, மாறிய நாளிலிருந்தா என்று கேளுங்கள். தலைப்புகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், காலம் குறைந்திருந்தால் நான் மாறமாட்டேன். ஊடகத்தமிழ், மொழிபெயர்ப்பியல், படைப்பாக்கம் என்று பெயர் போட ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பாடநூல் தயாரா, மாதிரிக் கேள்வித்தாள் தயாரா, திருத்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். "பாடநூல் விரைவில் பதிவேற்றப்படும்" என்று எழுதியிருந்தால், நான் அன்று உட்கார்ந்திருந்த அந்தத் தேர்வுக்கூடம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

என்னுடைய சாய்வைக் கேட்டால்: இரண்டாம் ஆண்டை முடித்து இரண்டே அரியர் என்றால், பழைய திட்டத் தேர்வுகள் இன்னும் குறைந்தது நான்கு பருவத்துக்கு நடக்கும் என்று எழுத்தில் தந்தால், பழையதிலேயே முடித்துவிடுங்கள். புதிய தாள் ஏதாவது பிடித்திருந்தால் அதன் பாடநூலை வாங்கித் தனியாகப் படிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நான்கு பருவம் தரமாட்டார்கள் என்றால் இப்போதே மாறிவிடுவது மேல். எல்லாரும் கடைசி நேரத்தில் மாறும்போது அலுவலகத்தில் உங்கள் கோப்பு எந்த அடுக்கில் கிடக்கும் என்று சொல்லமுடியாது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், மதிப்பெண் பட்டியலில் இரண்டு திட்டத்துத் தாள்களும் கலந்து வருமா என்று தனியாக விசாரியுங்கள். ஈடு கொடுத்த தாள்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் அலைய வேண்டியிருக்காது.

30 நாள் கெடுவை நினைத்துப் பதற வேண்டாம். நிகர்த்தாள் பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் கல்லூரியில் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம், கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தண்டவாளக்காரர் தண்டிப் பாதியை எழுதி 50க்கு 31 வாங்கினார். முடிவு வந்த அன்று நோட்டைப் படம்பிடித்து அனுப்பினார், சிவப்பின்மேலேயே பச்சையை அழுத்தித் தேய்த்ததில் அந்தக் கட்டம் பழுப்பாகியிருந்தது. நீங்களும் அதே போல ஒரு தாளில் கட்டம் போட்டு, பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டுப் பின்னூட்டத்தில் போடுங்கள். எந்தத் தாள் எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.