பரிணாமம் வெறும் ஊகமா, ஆதாரம் இருக்கிறதா?

"குரங்கிலிருந்து மனிதன் வந்ததை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு திருத்தம்: இன்றைய குரங்கிலிருந்து நாம் வரவில்லை, இருவருக்கும் பொதுவான மூதாதை இருந்தது. அதை நேரில் பார்த்தவர் இல்லைதான். ஆனால் நடந்ததன் தடம் நம் செல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. வைட்டமின் சி-யை அதன் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். பெரும்பாலான பாலூட்டிகள் அப்படித்தான். நம்மால் முடியாது, மாதக்கணக்கில் காய்கனி கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். சரி, வைட்டமின் சி தயாரிக்க வேண்டிய மரபணுவே நம்மிடம் இல்லையா? இருக்கிறது, 8ஆம் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ இழைகளில் ஒன்று), சிதைந்துபோய். சிம்பன்சியிடமும் அது சிதைந்தே இருக்கிறது; பொதுவான மூதாதையிடமே சிதைந்து இருவருக்கும் வந்தது என்றால் இது பொருந்துகிறது.

என்னை முழுதாக நம்பவைத்தது வேறொன்று. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி குரோமோசோம்கள்; நமக்கு 23. மூதாதை ஒன்றே என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். அப்படியானால் ஒட்டிய தழும்பு தெரிய வேண்டுமே! குரோமோசோமின் முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். 1991இல், நம் 2ஆம் குரோமோசோமின் உள்ளே, முனையில் இருக்க வேண்டிய அந்தத் தொடர்கள் நேருக்கு நேர் முட்டி நிற்பதைக் கண்டார்கள். அப்புறம், ஒரு குரோமோசோமுக்கு ஒரு சென்ட்ரோமியர்தான் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் பகுதி) வழக்கம். இதில் செயலிழந்த இரண்டாவதன் மிச்சமும் இருக்கிறது. சிம்பன்சியின் இரண்டு சிறிய குரோமோசோம்களை முனையோடு முனை வைத்துப் பார்த்தால், சாயமேற்றினால் தெரியும் பட்டைகளின் வரிசை நம் 2ஆம் குரோமோசோமோடு பொருந்துகிறது.